உளநூல் கற்றவர் செல்லும் வழிகள்

உளநூல் கற்றவர் கற்று முடித்தபின் யாது செய்வர் என்பது, நான் ஆசிரியனாக இருந்த காலத்திலும் இளைப்பாறிய பின்னரும் என்னிடம் ஓயாது கேட்கப்பட்டு வரும் வினா. வைத்தியம் கற்றவருக்கு வைத்தியசாலை உண்டு. சட்டம் கற்றவருக்கு நீதிமன்றம் உண்டு. கணக்கியல் கற்றவருக்கு வங்கிகள் உண்டு. மனத்தைப் பற்றிக் கற்றவருக்கு எந்தக் கதவு திறக்கும்? கேட்பவர் பெரும்பாலும் தந்தையர். மகனோ மகளோ அவருக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வழக்கம். முன்பு மனோதத்துவம் என்றார்கள். பின்பு உளநூல் என்றார்கள். இப்பொழுது உளவியல் என்கிறார்கள். பெயர் இருமுறை மாறியும் தந்தையர் கேள்வி மாறியபாடில்லை.

அக்கேள்வியை இழிவாகக் கருதுவாருடன் எனக்கு உடன்பாடில்லை. கல்வி கல்விக்காகவே என்று மேடையில் முழங்குவது எளிது. மூன்று நான்கு ஆண்டுகள் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் வைத்துப் படிப்பிக்கும் குடும்பம், அதன்பின் வரும் மாதங்களைப் பற்றிச் சிந்திப்பது குற்றமன்று. ஆனால் அக்கேள்வியினுள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கல்விக்கும் அதற்கென்றே கட்டப்பட்ட ஒரு வீடு உண்டு என்பதே அவ்வெண்ணம். உளவியலுக்கு அத்தகைய வீடு ஒன்றுதான் உண்டு. அதன் வாயிலோ மிக ஒடுங்கியது. அதைக் கற்றவருட் பெரும்பாலார் பிறர் வீடுகளிற் புகுந்தே தமக்கு வேலை தேடிக்கொண்டனர். அவ்வீடுகள் எவை, அங்கே அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சிறிது விரித்துக் கூறலாம் என எண்ணுகிறேன்.

உளவியற் பட்டதாரியைப் பற்றி நம்மூரில் இரண்டு கருத்துக்கள் நிலவுகின்றன. ஒன்று, அவர் சாத்திரியாருக்கு அடுத்தபடி என்பது. முகத்தைக் கண்டதும் அகத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவார். கலியாண வீட்டுப் பந்தலில் அவரைப் பிடித்து, "எங்கே, என்னைப் பற்றிச் சொல்லும் பார்ப்பம்" என்று கேட்பார் இன்றும் உளர். மற்றையது, அவர் மனநோயைத் தீர்ப்பவர் என்பது. முதலாவதை நகைத்து விட்டுவிடலாம். இரண்டாவதை அவ்வாறு விட இயலாது. அதை நம்பியே மாணவர் பலர் இத்துறைக்குள் வருகின்றனர்.

அண்மையில் ஒரு மாணவி வந்தாள். கெட்டிக்காரி, வீட்டில் ஒருவர் நெடுங்காலம் மனநோயால் வாடுவதைக் கண்டு வளர்ந்தவள். "சேர், நான் உளவியல் படிச்சு முடிச்ச உடனை ஆக்களைச் சுகமாக்கலாந்தானே?" என்றாள். "இல்லைப் பிள்ளை" என்று சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. எனினும் அதைச் சேர்வதற்கு முன் சொல்ல வேண்டியது ஆசிரியர் கடன். சேர்ந்து மூன்றாம் ஆண்டில் அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஏமாற்றம் இருமடங்காகும்.

உண்மை நிலை இதுதான். மருந்தெழுதும் உளமருத்துவர் முதலில் வைத்தியப் பட்டம் பெற்று, அதன்பின் அத்துறையில் மேற்பயிற்சி பெற்றவர். அது வேறு பாதை. மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலிற் பட்டம் பெற்றபின் வைத்தியசாலைகளில் நோயாளரிடையே, மூத்தோர் மேற்பார்வையில், மேலும் சில ஆண்டுகள் பயின்றவர். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிற் கலாநிதிப் பட்டமும் அரசின் அனுமதிப் பத்திரமும் இன்றி ஒருவர் உளவியலாளராகத் தனியே தொழில் நடாத்த முடியாது. பிரித்தானியாவில் உரிய பதிவில்லாத ஒருவர் மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை தொங்கவிடுவது 2009 முதல் சட்டத்துக்கு மாறானது. நம் நாட்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் பயிற்சியை அளித்து வந்திருக்கிறது. ஆக, முதற்பட்டம் இந்த வீட்டின் திண்ணை வரைக்குமே ஒருவரைக் கொண்டுசெல்லும். இதைச் சொல்லாது மறைத்துப் பட்டம் விற்கும் தனியார் நிலையங்கள் பெருகியிருப்பதையும், ஆறு வாரப் பயிற்சியின் பின் பிறர் துயரைக் கையாளப் புறப்படுவோரையும் நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

அப்படியாயின் முதற்பட்டம் எதற்கு உதவும்? இதற்கு விடையாக ஓர் இளைஞனின் கதையைச் சொல்வேன்.

1955ஆம் ஆண்டளவில் இஸ்ரவேலின் படையில் டானியல் கானெமன் என்னும் இருபத்தொரு வயது இளைஞன் இருந்தான். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உளவியலும் கணிதமும் கற்றுப் பெற்ற முதற்பட்டம் ஒன்றே அவன் கைமுதல். படையிற் சேர வருவோரை நேர்முகங்கண்டு, யார் எப்பிரிவுக்கு ஏற்றவர் என்று தெரிந்தெடுக்கும் முறை அங்கே இருந்தது. நேர்முகங்காண்போர் பதினைந்து இருபது நிமிடம் பலதும் பத்தும் பேசி, ஆளைப் பற்றித் தம் மனத்தில் எழும் எண்ணத்தை எழுதி வைப்பர். பின்னாளில் அந்த ஆள் எவ்வாறு பணிபுரிந்தான் என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவ்வெண்ணத்துக்கும் நடந்ததற்கும் தொடர்பு மிக அற்பமாக இருந்தது. அதைத் திருத்தும் பொறுப்பு இவ்விளைஞனிடம் வந்தது. அங்கே அவனிலும் அதிகம் உளவியல் கற்றவர் இல்லாமையே காரணம்.

அவன் செய்தது எளியது. பொறுப்புணர்ச்சி, பிறரோடு பழகும் தன்மை முதலாக ஆறு பண்புகளை வகுத்தான். ஒவ்வொன்றையும் பற்றி உண்மை நிகழ்ச்சிகளையே வினவும் கேள்விகளை அமைத்தான். இதுவரை எத்தனை வேலைகள் பார்த்தாய், எத்தனை நாள் பிந்தி வந்தாய், நண்பரை எவ்வளவுக்குச் சந்திக்கிறாய் என்பன போன்றவை அவை. ஒன்றுக்குப் புள்ளி இட்டு முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஆளைப் பற்றிய முழு எண்ணத்தை அதுவரை அடக்கி வைத்திருக்க வேண்டும். நேர்முகங்கண்டு வந்தோர் கொதித்தெழுந்தனர். எங்களை இயந்திரமாக்குகிறாய் என்று குறைகூறினர். அவன் ஒரு சமாதானம் செய்தான். ஆறு புள்ளிகளையும் இட்டு முடிந்தபின் கண்ணை மூடி, அந்த ஆளைப் போர்வீரனாக நினைத்துப் பார்த்து, மனம் சொல்லும் புள்ளியையும் ஒன்று முதல் ஐந்துக்குள் இடுங்கள் என்றான். சில மாதங்களின் பின் பெறுபேறு வந்தது. ஆறு புள்ளிகளின் கூட்டுத்தொகை பழைய முறையிலும் எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தது. வியப்பு என்னவெனில், கண்ணை மூடி இட்ட புள்ளியும் அதேயளவுக்குப் பயன்பட்டது. ஒழுங்காகத் தகவல் திரட்டிய பின் எழும் உள்ளுணர்வு வேறு. ஒன்றுமறியாமல் முன்னரே எழும் உள்ளுணர்வு வேறு. இந்த இளைஞரே 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்று, 2024இல் காலமானவர்.

நம்மிடையே நேர்முகப் பரீட்சை என்ற பெயரில் நடப்பவற்றை அறிந்தோர்க்கு நான் இங்கே மேலும் விளக்க வேண்டியதில்லை. உளவியல் முதற்பட்டம் ஒருவருக்குத் தருவது இந்தப் பழக்கம்: மனிதரைப் பற்றிய எண்ணம், அது தன் சொந்த எண்ணமேயாயினும், சோதித்துப் பார்க்கும்வரை நம்பத்தக்கதன்று என்பது. உத்தியோகத்தரைத் தெரிவு செய்தல், அவர்க்குப் பயிற்சியளித்தல், மக்கள் கருத்தை அளத்தல், புதிய திட்டமொன்று பயன் தந்ததா என்று கணித்தல் ஆகிய வேலைகள் எல்லாம் இப்பழக்கத்தையே வேண்டி நிற்கின்றன. அதற்குக் கருவி புள்ளிவிபரவியல். கணிதத்துக்கு அஞ்சி உளவியலுக்கு ஓடிவரும் மாணவர், அங்கே அது வாயிலிலேயே காத்து நிற்பதைக் காண்பர்.

ஆசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி ஒன்றையும் இவ்விடத்திற் கூற வேண்டும். மருத்துவ உளவியல் என்னும் தொழில் பிறந்தது வைத்தியசாலையில் அன்று; ஓர் ஆசிரியையின் கவலையில். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் 1879இல் உளவியலுக்கென ஆய்வுகூடம் அமைத்தார் என்பது பாடநூல்கள் எல்லாம் கூறுவது. அவரிடம் கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்ற லைட்னர் விற்மர், பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தார். அவர் வகுப்புக்கு வந்த மாகிரெட் மக்குவாயர் என்னும் ஆசிரியை, 1896இல் தம் மாணவன் ஒருவனைப் பற்றி அவரிடம் கூறினார். பையனுக்குப் பதினான்கு வயது, பேச்சில் சூடிகை, ஆனால் எழுத்துக் கூட்டி ஒரு சிறு சொல்லைத்தானும் சரியாக எழுத மாட்டான். உம்முடைய உளவியல் உண்மையான சாத்திரமாயின் இவனுக்கு உதவ வேண்டாமா என்பது ஆசிரியையின் எண்ணம்.

விற்மரிடம் அதற்கென ஒரு முறையும் இருக்கவில்லை. அவர் பையனை வரவழைத்துப் படிப்படியாகச் சோதித்தார். பார்வையிற் குறை இருப்பது தெரிந்தது. அதுவரை யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை! கண்ணாடி அணிவித்தனர்; ஆனால் எழுத்துக் கைவரவில்லை. மங்கலாகக் கண்ட எழுத்துக்கள் மனத்தில் உருப்பெறாது போயிருந்தன. ஆகவே முதலிலிருந்து பொறுமையாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய பிள்ளைகளுக்காக அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. உலகின் முதலாவது உளவியற் சிகிச்சை நிலையம் அதுவே. மக்கு, சோம்பேறி, குழப்படிகாரன் என்று நாம் பிள்ளைகளின் நெற்றியில் எழுதிவிடும் சொற்களை நான் நினைத்துக்கொள்கிறேன். பாடசாலை உளவியலாளர் என்ற உத்தியோகம் இன்று பல நாடுகளில் நிலைபெற்றிருக்கிறது. அவ்வுத்தியோகத்தின் முழு வேலையும் அச்சொற்களை எழுதவிடாமல் தடுப்பதே என்று சொன்னாலும் பொருந்தும்.

வகுப்பறையிற் பிள்ளையைக் குறைகூறும் அதே வழக்கம் ஆகாய விமானத்திலும் உண்டு. அங்கே குற்றவாளி விமானி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, நலமாகத் தரையிறங்கிய பின், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் மடிந்து வயிற்றால் விழுந்தன. இறக்கை மடல்களைச் சுருக்க வேண்டிய விமானி சக்கரங்களைச் சுருக்கியிருந்தான். விமானியின் கவனக்குறைவு என்று கோவை மூடப்படும். 1943இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அல்போன்ஸ் சப்பானிஸ் விமானப்படையின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அவர் விமானியின் மனத்தை ஆராயவில்லை. அறைக்குள் ஏறி அவன் ஆசனத்தில் அமர்ந்தார். மடல்களுக்குரிய ஆளியும் சக்கரங்களுக்குரிய ஆளியும் அருகருகே, ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. அவ்விரண்டும் அவ்வாறு அமையாத சி-47 என்னும் வேறொரு விமானத்தில் இத்தவறு நிகழவேயில்லை. சப்பானிஸ் ஓர் ஆளியின் தலையில் இறப்பராலான சிறு சக்கரத்தையும், மற்றதன் தலையில் ஆப்பு வடிவமான துண்டையும் பொருத்தச் செய்தார். இருளிலும் களைப்பிலும் கை தானே அறிந்துகொண்டது, விபத்து நின்றது. இன்றும் நாம் பயணஞ்செய்யும் பெரிய விமானங்களிற் சக்கரத்துக்குரிய கைபிடி சக்கர வடிவாகவே இருக்கிறது.

எனக்கு இதனினும் பிடித்தமானது தொலைபேசியின் கதை. தென்னாபிரிக்காவிற் பிறந்த ஜோன் கார்லின், கேப் ரவுணில் மெய்யியலும் உளவியலும் சங்கீதமும் கற்றவர்; வயலின் வாசிப்பவர்; பின்பு சிக்காகோவில் உளவியலிற் கலாநிதியானவர். 1945இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடம் அவரை வேலைக்கு அமர்த்தியது. பொறியியலாளர் நிறைந்த இடத்தில் சங்கீதமும் உளவியலும் கற்றவருக்கு என்ன வேலை என்று அங்கிருந்தோரும் கேட்டிருப்பர், நம்மூர்த் தந்தையரைப் போலவே. புதிதாகச் செய்த தொலைபேசியில் எண்களைச் சுழல்வட்டின் துளைகளுக்கு வெளியே பதித்தபோது, மக்கள் எண்களைச் சுழற்றும் வேகம் குறைந்தது. விரல் போய்ச் சேர வேண்டிய இலக்கு கண்ணுக்கு இல்லாமற் போனதே காரணம் என்று கார்லின் கண்டார். துளை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெண்புள்ளி இடச் சொன்னார். வேகம் மீண்டது. தொலைபேசியின் வடம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, உடன் வேலை செய்வோரின் வடங்களை அவர்கள் அறியாமலே நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறுக்குவித்தார். எந்த நீளத்தில் அவர்கள் சினக்கிறார்களோ அதற்குச் சற்று மேல் நிறுத்திக்கொண்டார். செம்புக் கம்பியிற் கம்பனிக்குப் பெருந்தொகை மிஞ்சியது.

சுழல்வட்டு நீங்கி விசைகள் வந்தபோது, எண்களை எவ்வரிசையில் அடுக்குவது என்ற ஆராய்ச்சி கார்லினின் பிரிவிலேதான் நடந்தது. பலவகை அடுக்குகளைச் செய்து, மக்களின் விரல்களிற் கொடுத்துப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று மேல்வரிசையில் வரும் அடுக்கைத் தெரிந்தனர். 1963இல் அது பொதுமக்களுக்கு வந்தது. இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர் தம் கைத்தொலைபேசியையும், கடைக்காரரின் கணிப்பானையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கட்டும். கணிப்பானில் ஏழு எட்டு ஒன்பது மேலே இருக்கும். தொலைபேசியில் ஒன்று இரண்டு மூன்று மேலே இருக்கும். 2013இல் மறைந்த ஒரு உளவியலாளரின் தொழிற்களத்தை நம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, உளவியல் கற்றவருக்கு என்ன வேலை என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று கணினித் திரையின் பொத்தான்களையும், வைத்தியசாலை இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலிகளையும் அமைக்கும் குழுக்களில் இவர் வழிவந்தோர் இருக்கின்றனர். வேலைவாய்ப்பைக் கணக்கெடுத்தால், மனநோயைத் தொடாமலே உளவியலாற் பிழைக்க விரும்புவோர்க்கு இவ்வழி விரிந்தது என்றே கூறுவேன்.

கடைத்தெருவுக்குச் சென்ற வழியும் உண்டு. ஜோன் வாட்சன் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர் 1920இற் சொந்த வாழ்க்கையில் எழுந்த பிரச்சினையால் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, நியூயோர்க்கில் ஒரு விளம்பரக் கம்பனியிற் சேர்ந்தார். பொருள் வாங்குவோரை அறிவதற்காகப் பெரிய கடையொன்றில் விற்பனை மேசைக்குப் பின்னால் இரண்டு மாதம் நின்றார். நான்கே ஆண்டில் அக்கம்பனியின் உபதலைவரானார். பல்கலைக்கழகத்திற் பெற்றதிலும் பன்மடங்கு ஊதியம். விளம்பரத்துறை இன்றளவும் உளவியற் பட்டதாரிகளை விரும்பி ஏற்கிறது. இதைப்பற்றி மேலும் எழுத எனக்கு ஆவலில்லை.

அதே காலத்தில் அதே அறிவு வேறொரு கையில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதைப் பார்க்கலாம். லிலியன் கில்பிரெத் 1915இல் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளில் வேலையாளரின் வீண் அசைவுகளையும் களைப்பையும் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தார். 1924இற் கணவர் திடீரென இறந்தார். பதினொரு பிள்ளைகள், பெண் என்பதால் ஆலோசனை கேட்டு வந்த கம்பனிகள் விலகிக்கொண்டன. அவர் தளரவில்லை, பெண்ணுக்குத் திறந்துவிடப்பட்ட இடம் சமையலறையே ஆயின் அங்கிருந்தே தொடங்குவேன் என்பதுபோல், அடுப்பின் உயரம், பாத்திரங் கழுவும் தொட்டியின் இடம், ஒரு பணிகாரம் செய்ய எத்தனை அடி நடக்க வேண்டும் என்பவற்றை அளந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி அவர் தந்தது. 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியற் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. அந்தப் பெருமை பெற்ற முதற் பெண் அவரே.

இங்கேதான் தந்தையர் கேளாத, மாணவரும் கேளாத ஒரு கேள்வி எழுகிறது. வேலை கிடைக்கும், ஊதியம் கொடுப்பவர் ஒருவர், ஆராயப்படுபவர் இன்னொருவர். உளவியலாளர் எவர் பக்கம் நிற்பார்?

பாரிஸ் நகரில் அல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் 1905இல் வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனையின் நோக்கம், வகுப்பிற் பின்னிற்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்குத் தனியாக உதவுவதே. ஒருவரது அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டுவிட்டது என்னும் கொள்கையைப் பினே 1909இல் எழுதிய நூலில் வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் 1911இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அச்சோதனையைக் கையில் எடுத்துக்கொண்டு ஹென்றி கொடார்ட் என்பவரின் உதவியாளர் நியூயோர்க் துறைமுகத்தில் எலிஸ் தீவில் நின்றனர். கப்பலின் அடித்தட்டிலே வாரக்கணக்கிற் கிடந்து வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக, அவர்கள் வாழ்நாளிற் கேட்டிராத வினாக்களைக் கேட்டுச் சோதித்தனர். சோதிக்கப்பட்டோருட் பலர் மந்தபுத்தியினர் என்று கொடார்ட் 1917இல் எழுதினார். பாரிஸில் ஊன்றுகோலாக இருந்தது கடல் கடந்ததும் கதவின் தாழ்ப்பாளாயிற்று.

அத்தாழ்ப்பாளை மீண்டும் ஊன்றுகோலாக்கியவரும் உளவியல் கற்றவரே. மேமி கிளார்க் என்னும் கறுப்பினப் பெண்மணி 1943இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். அக்காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நியூயோர்க்கில் உளவியலாளர் வேலை கொடுப்பார் இல்லை. அவரும் கணவர் கெனத் கிளார்க்கும் 1946இல் ஹார்லெம் பகுதியில் பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தாமே தொடங்கினர். அயலிலுள்ள தாய்மார் வந்து, எங்கள் பிள்ளைகளை மந்தபுத்தியினர் என்று தனிவகுப்பில் தள்ளிவிட்டார்கள் என முறையிட்டனர். மேமி கிளார்க் அப்பிள்ளைகளை முறைப்படி, ஆறுதலாக, சோதித்தார். பெரும்பாலோர் அவ்வகுப்பிற் சேர்க்கப்படத் தக்கவரே அல்லர் என்று தெரியவந்தது. சோதனை ஒன்றுதான், நடாத்தியவரின் நோக்கம் வேறு. பொம்மைகளை வைத்து இவ்விருவரும் சிறு பிள்ளைகளிடம் செய்த ஆராய்ச்சி பலரும் அறிந்தது. கறுப்பினப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று எடுத்தனர். பாடசாலைகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு மாறானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பொன்றிற் கெனத் கிளார்க்கின் ஆராய்ச்சி சுட்டப்பட்டிருக்கிறது.

இதன் மறுபுறத்தையும் மாணவர் அறிய வேண்டும். 2001இன் பின் அமெரிக்க உளவுத்துறை, தான் சிறைப்பிடித்தோரை வதைத்து விசாரிக்கும் முறைகளை வகுத்துக் கொடுத்தவர் இரு உளவியலாளர். அவர்கள் அமைத்த கம்பனிக்கு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட டொலர் கொடுக்கப்பட்டதாக அந்நாட்டு மூதவையின் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க உளவியலாளர் சங்கம், அத்தகைய விசாரணைகளில் உளவியலாளர் பங்குபற்றலாகாது என்று தீர்மானித்தது. அஞ்சுபவன் எதற்கு அஞ்சுவான் என்பதை அறிந்தவனே அவனை ஆற்றவும் வல்லவன், வதைக்கவும் வல்லவன். வேலை தேடும் பட்டதாரிக்கு இதை நினைவூட்டுவது மிகை என்று சிலர் எண்ணலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இனி நம் நாட்டு நிலைமை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கின்றனர். பாடசாலைகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் என்ற பொறுப்புச் சில ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் கம்பனிகளின் ஆளணிப் பிரிவுகளும் உளவியற் பட்டதாரிகளை எடுக்கின்றன. உளவளத்துணை என்பதைச் சீர்மியம் என்றும் நம்மவர் வழங்குவர், அழகான சொல். போர் நடந்த பகுதிகளில் இவ்வேலையின் அருமையை எடுத்துக்காட்டியவருள் முதன்மையானவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அவரது "மனவடு" என்னும் நூல் வெளிவந்தது. துயருற்றவர் எல்லாரையும் வைத்தியரே பார்த்து முடிப்பது நடவாத காரியம் என்பதால், ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்து அவர்கள் மூலம் ஆறுதலைக் கொண்டுசெல்லும் முயற்சிகள் வடக்கிலும் கிழக்கிலும் நடந்தன. அம்முயற்சிகளுக்குப் பின்புலமாக நின்று, பயிற்றுவோரைப் பயிற்றுவதும், பயன் விளைந்ததா என்று அளந்து பார்ப்பதும் முறையாக உளவியல் கற்றவர் செய்ய வேண்டியவை.

இவை எல்லாவற்றினும் மேலாக, வேறு எந்நாட்டவரும் வந்து நமக்குச் செய்துதர இயலாத வேலை ஒன்று கிடக்கிறது. மனத்தை அளக்கும் வினாத்தாள்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டவை. அகராதியைப் பார்த்து அவற்றைத் தமிழாக்கிவிட்டால் போதாது. நம் கிராமத்துத் தாயொருத்தி "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டாள். அது புத்தகச் சொல். "ஒரே யோசினையாக் கிடக்கு" என்பாள்; "நெஞ்சுக்கை இடிக்குது, உடம்பெல்லாம் உளையுது" என்பாள்; அல்லது ஒன்றும் பேசாமற் பெருமூச்சு விடுவாள். யோசனை என்றால் தமிழகத்தில் ஆலோசனை, யாழ்ப்பாணத்திற் கவலை. ஆகவே தமிழகத்திலே தமிழாக்கப்பட்ட வினாத்தாளையும் அப்படியே இங்கு எடுத்தாள முடியாது. தமிழாக்கியதை அறியாத இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒத்துப் பார்த்து, வயதாலும் கல்வியாலும் வேறுபட்ட பல நூறு பேரிடம் கொடுத்து, எவ்வளவு புள்ளி இயல்பு, எவ்வளவு புள்ளி கவலைக்குரியது என்று எல்லை வகுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கான உழைப்பு, புகழ் குறைவு.

ஒரு சிறு உதாரணம் காட்டி நிறுத்துகிறேன். மூதாளரின் மூளை தளர்கிறதா என்று அறிய, ஓர் எழுத்தைக் கூறி, அதிலே தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடியும் என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இது சுலபம். தமிழில் "க" என்று கூறினோம் என்று வைத்துக்கொள்வோம். கல், கடகம், கண் என்பவை சரி. காகம், கிணறு, குடம் என்பவற்றின் முதல் எழுத்துக்கள் வேறு, முதல் ஒலி ஒன்றே. பள்ளிக்கூடம் போனவர் எழுத்தை நினைப்பார். போகாதவர் ஒலியை நினைப்பார். பருத்தித்துறையிலோ மட்டக்களப்பிலோ எண்பது வயது மூதாட்டி ஒருத்தி "கிளி" என்று சொன்னால் அதற்குப் புள்ளி உண்டா, இல்லையா என்பதை முதலில் யாரேனும் ஆராய்ந்து தீர்மானித்தாக வேண்டும்.